பனி மூடிய பலகை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் நோ முன்போலவே இருக்கிறது.

கார் இன்னும் என் பெயரிலேயே பதிவாகியிருப்பதால், மன்ஹைமிலிருந்து ஒரு கடிதம் என் முகவரிக்கு வந்திருக்கிறது. இரவு 11.40 மணிக்கு, 30 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாத வீதியில், சட்டப்படி கழிக்கும் 3 கிலோமீற்றரைக் கழித்த பின்பும் நீ 53இல் போயிருக்கிறாய். 115 யூரோ தண்டமும் பிளென்ஸ்பூர்க்கிலுள்ள சாரதிகளின் குற்றப் பதிவேட்டில் ஒரு புள்ளியும் வரும். அந்தச் சிவப்பு வட்டத்தின் கீழே ‘22–6 மணி’ என்று ஒரு சிறு வெள்ளைப் பலகை இருந்திருக்கும். பகலில் 50, வீதியோரத்து வீடுகளில் உறங்குபவர்களுக்காக இரவில் 30. கீழே தொங்கும் சிறு பலகையையும் வாசி என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

ஏழு வயதிலேயே இவற்றை எனக்குப் படிப்பித்தவன் நீ. முக்கோணம் எச்சரிக்கும், வட்டம் கட்டளையிடும், சதுரம் வழி சொல்லும் என்று நான் பாடமாக்கி வைத்திருக்க, விதிவிலக்குகளைப் பிடித்தது நீதான்: தலைகீழ் முக்கோணம் எச்சரிக்கையல்ல, வழிவிடு என்ற கட்டளை, தடித்த அம்புக்குறி போட்ட முக்கோணம் அடுத்த சந்தியில் மட்டும் முன்னுரிமை தரும், மஞ்சள் சாய்சதுரமோ சந்திக்குச் சந்தி தந்துகொண்டே போகும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் உன்னைச் சொல்லவைத்துப் பெருமைப்பட்டேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இது எப்படித் தவறியது?

கடிதத்தோடு படமும் இருக்கிறது. நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் முகத்தைக் கறுப்பால் மறைத்திருக்கிறார்கள். இங்கே அதுதான் முறை, நானும் எதுவும் கேட்கவில்லை. ஸ்ருட்கார்ட்டில் இரவு பத்து மணிக்கே படுத்துவிடுவதாக நீ அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். சிறு பலகைகளை வாசித்து ஓட்டு.

காரை ஓட்டியவர் யார் என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் பேனாவை வைத்தபோது எனக்குக் கை ஓடவில்லை.

2003 தைப்பொங்கலுக்கு ஹம் நகரத்து அம்மன் கோயிலுக்குப் போன வழியில் நடந்ததைப் பற்றி நீ ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. பலகையைப் பனி மூடியிருந்தது என்று பொலிசாரிடம் சொன்னது பாதி உண்மை. பனி மூடினாலும் உருவத்தைக் கொண்டே அறியவேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பலகையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். கூர் கீழ்நோக்கி நிற்பதை நான் கண்டேன், கண்டும் முந்திவிடலாம் என்று நினைத்தேன். பொலிசார் வருமுன் நானும் அம்மாவும் இருக்கை மாறியதை நீ பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். என் பதிவில் ஏற்கெனவே புள்ளிகள் சேர்ந்திருந்தன. வண்டி ஓட்டித்தான் நம் வீட்டில் உலை வைத்தோம். அம்மாவோ அனுமதிப்பத்திரம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகாதவர். புதிய சாரதிகளுக்குரிய இரண்டு வருடப் பரீட்சைக் காலம் அவருக்கு நான்காக நீண்டது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் நடுவே இருந்து மேலதிக வகுப்புக்கும் போகவேண்டியிருந்தது. முதல் நாள் வகுப்பு முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், “அவரவர் செய்த பிழையை எழும்பிச் சொல்லச் சொன்னார்கள், நான் உங்கள் பிழையைச் சொன்னேன்” என்றார். வகுப்புகள் முடிந்த பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. அம்மாவுக்குப் பனியில் ஓட்டப் பயம் என்று உனக்கும் அக்காவுக்கும் சொல்லிவைத்தது நான்தான்.

பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் விடவும் சட்டம் எனக்கு இடம் தருகிறது. படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும். அதற்கு முன் நீயே தொலைபேசி எடுத்து, என்ன எழுதுவதென்று சொல். மாலையில் எடுத்தால் அம்மாவும் இருப்பார். படத்தை அவருக்கு இன்னும் காட்டவில்லை.

அன்புடன்,
அப்பா