கடலுக்குப் போற தண்ணி வீண் இல்லைங்க

மேட்டூர் நிரம்புனதும் "காவிரித் தண்ணி வீணா கடல்ல கலக்குது"ன்னு மைக்கப் புடிச்சிக் கத்துற கட்சிக்காரங்களுக்கும், அதையே நாள்பூரா ஸ்க்ரோலிங்ல ஓட்டுற சேனல்காரங்களுக்கும் வணக்கம்.

நான் கொள்ளிடம் கடல்ல சேர்ற பழையாறு பக்கத்து ஆளு. காவிரியிலேர்ந்து கொள்ளிடம் பிரியற முக்கொம்புல திறந்து விட்டாங்கன்னா சில நாள்லயே எங்க கடல் நெறம் மாறிடும், கரையோரம் டீ கலரு, அதுக்கு அந்தாண்ட பச்சை, நடுவுல நுரை கோடு கிழிச்ச மாதிரி நிக்கும். எங்க பெரியப்பா அந்தக் கோட்டுகிட்ட படகை நிறுத்தி ஒரு கை தண்ணிய அள்ளி நாக்குல வச்சுப் பாப்பாரு. உப்பு கொறஞ்சிருந்தா "ஆறு வந்துடுச்சுடா, இனிமே எறா பாக்கலாம்"பாரு.

அவருக்கு நைட்ரேட், பாஸ்பேட்ங்கிற உரச்சத்துலாம் தெரியாது, ஆனா விஷயம் அதுதான். வயக்காட்டு வண்டல், மக்குன இலைதழை, பாறை கரைஞ்ச சிலிக்கான்னு எல்லாத்தையும் ஆறு வாரிக்கிட்டு வருது. கடல்ல டயட்டம்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி, கண்ணாடி ஓடு கட்டிக்கும், அந்த ஓட்டுக்கு சிலிக்கா வேணும். அத திங்கிற பொடி உயிருங்க, அதுங்கள திங்கிற கவளை, மத்தி, அப்புறம் வஞ்சிரம், அப்புறம் உங்க வீட்டுக் குழம்பு.

எகிப்துல நைல் நதிய அஸ்வான்ல மறிச்சாங்க. 1962ல சுமார் 18,000 டன் மத்தி புடிச்ச கடல்ல அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள ஆயிரம் டன்னுக்கும் கீழ போயிடுச்சு. 80கள்ல மீன் திரும்புச்சு, ஆனா அதுக்குப் பெரிய காரணம் வயல் உரமும் ஊர் சாக்கடையும்தான்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அப்ப உரம் போனா போதுமேன்னு கேக்காதீங்க. அமெரிக்காவுல மிசிசிப்பி ஆறு வழியா உரச்சத்து அளவுக்கு மீறிப் போயி, பாசி மண்டி அழுகி, 2017ல 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல கடலடியில மீன் மூச்சு விடக் காத்து இல்லாமப் போச்சு. யூரியாவுல சிலிக்காவும் கெடையாது.

விவசாயி வயிறு எரியறது எங்களுக்குப் புரியாம இல்ல, எங்க சொந்தக்காரங்களே பாதிப் பேரு வயக்காட்டுலதான் கெடக்குறாங்க. ஆனா ஆறு வந்து தள்ளலன்னா கடல்தான் உள்ள ஏறி வரும், அப்புறம் அவங்க போர் தண்ணியும் உப்புதான்.

2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்புல 740 டிஎம்சிய பிரிச்சப்ப, சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாம கடலுக்குத் தப்பிப் போறதுக்கு 4ன்னு எழுதுனாங்க. தப்பிப் போறதாம், ஏதோ ஜெயில்லேர்ந்து ஓடுன கைதி மாதிரி!

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கொள்ளிடத்துல அடுத்த கதவணை பத்திப் பேச விவசாய சங்கத்தக் கூப்பிடுவீங்கல்ல, அதே கூட்டத்துக்கு எங்க மீனவப் பஞ்சாயத்தாரையும் கூப்பிடுங்க. விடிகாலையில மட்டும் வைக்காதீங்க, அப்ப எங்காளுங்க கடல்ல இருப்பாங்க.