விடுதிக் காப்பாளர்களுக்கு: அந்த வயிற்றுவலி நடிப்பில்லை

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளி விடுதிகளைக் கவனித்துக்கொள்ளும் காப்பாளர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா எழுதுகிறேன். அத்தனை பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்ப்பது லேசான வேலையில்லை, தெரியும். சண்டைக்கு வரவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவைப் பற்றிப் பேச வந்தேன்.

என் மகள் இருக்கும் விடுதியில் திங்கட்கிழமைதோறும் டெஸ்ட். அன்றைக்கு விடிந்தால் அவளுக்கு வயிறு முறுக்கும். ஒரு இட்லி இறங்காது. ஆனால் மூன்று தடவை கழிவறைக்கு ஓடுவாள். "டெஸ்ட் அன்னிக்கு மட்டும் எப்படிம்மா கரெக்டா வலி வருது?" என்று வார்டன் கேட்க, வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். மூன்றாவது வாரம், வார்டன் மிச்ச மாத்திரைகளைப் போட்டுவைக்கும் அந்த பிஸ்கட் டப்பா திறந்தது. வேறு யாருக்கோ வாங்கியதில் மிச்சம், கத்தரியால் வெட்டிய அட்டையில் நாலு ஆண்டிபயாடிக் மாத்திரை. பெயரில் பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. இரண்டு நாள் போட்டாள். அப்புறம் நிற்காத வயிற்றுப்போக்கு. நான் போய்க் கூட்டிவந்தேன். மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி, ஒத்தக்கடை தாண்டும்வரை பேசவே இல்லை. பிறகு கேட்டாள்: "நான் நடிக்கிறேனாப்பா?"

இல்லை. டெஸ்ட் அன்றைக்கு மட்டும் வலி வருகிறது என்பதுதான் அது நிஜம் என்பதற்கே அடையாளம். பயம் வந்தால் மூளை சில ஹார்மோன்களை முடுக்கிவிடுகிறது. அவை இரைப்பையின் வேலையை மந்தமாக்கும், பெருங்குடலை விரட்டும். அதனால்தான் ஒரு பக்கம் சோறு இறங்காது, இன்னொரு பக்கம் கழிவறைக்கு அவசரம். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சும்மா சொல்லவில்லை.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. மூளைக்கும் குடலுக்கும் நடுவே ஓடும் வேகஸ் நரம்பில் ஏறக்குறைய 80 சதவீத இழைகள் வயிற்றிலிருந்து தலைக்குச் சேதி கொண்டுபோகிறவை. குடலில் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கும் அந்தச் சேதியில் பங்கு உண்டு. 2004இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளை நெருக்கிப் பிடித்து அடைத்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றுக்கு மன அழுத்த ஹார்மோன் எகிறியது. சின்ன வயதிலேயே ஒரே ஒரு பாக்டீரியா இனத்தைக் கொடுத்ததும் அது அடங்கியது. 2011இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், லாக்டோபேசில்லஸ் என்கிற வகை பாக்டீரியா ஒன்றைக் கொடுத்த எலிகளுக்குப் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் அந்தப் பலன் இல்லை.

எலிக் கதை எதற்கு என்பீர்கள். பெரியாஸ்பத்திரியில் கல்லீரல் நோயாளிக்குத் துணைக்கு இருந்தவர்களைக் கேளுங்கள். ஆள் திடீரென்று பிதற்றுவார், பிள்ளையின் பெயரே மறந்துபோகும். மூளையில் கட்டி கிட்டி ஒன்றும் இல்லை. குடல் பாக்டீரியா உண்டாக்கும் அம்மோனியாவைக் கெட்டுப்போன கல்லீரலால் வடிகட்ட முடியவில்லை, அவ்வளவுதான். டாக்டர் கொடுப்பது லாக்டுலோஸ் என்கிற பேதி சிரப். வயிறு போனதும் பல பேருக்குப் புத்தி தெளிந்துவிடும்.

அதற்காகத் தயிர் சாப்பிட்டால் சந்தோஷம் சுரக்கும் என்று வாட்ஸ்ஆப்பில் வருவதை நம்பிவிடாதீர்கள். சந்தோஷ ரசாயனம் என்று சொல்லப்படும் செரோடோனின், உடம்பில் இருப்பதில் 90 சதவீதம் குடலில் உருவாவது உண்மை. ஆனால் அது மூளைக்குள் நுழைவதில்லை. நல்ல பாக்டீரியா என்று விற்கும் விலையேறிய பவுடரையும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது அந்த டப்பாவைத்தான். அதைக் காலி செய்துவிடுங்கள். பயத்தால் வரும் வலியை ஆண்டிபயாடிக் ஆற்றாது. குடலில் சும்மா இருக்கும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும், என் மகளுக்கு நடந்ததுபோல வயிற்றைக் கிளப்பியும் விடும். டாக்டர் சீட்டு இல்லாமல் வேண்டவே வேண்டாம். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் வாரத்தில் மூன்று நாளாவது சுண்டல் போடலாம். நார்ச்சத்துதான் குடல் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. டெஸ்ட் நாளில் நாலு மணிக்கு எழுப்பாமல் தூங்கவிடுங்கள். கழிவறைக்குப் போகிறவளை நேரம் பார்த்து அதட்டாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். காய்ச்சல், மலத்தில் ரத்தம், உடம்பு இளைப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வலது அடிவயிற்றில் விடாத வலி என்றால் பயம், டெஸ்ட் என்று பேசிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

என் மகள் இந்த ஞாயிறு சாயங்காலம் விடுதிக்குத் திரும்புகிறாள். மறுநாள் இயற்பியல் டெஸ்ட்.

இப்படிக்கு,
மேலூரிலிருந்து ஓர் அப்பா