தம்பிக்கு, மெமரி வாங்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கடையில் கல்யாணப் பத்திரிகை வேலை நிறைய.

உன் டெஸ்க்டாப்புக்கு ராம் வாங்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். எது வாங்கலாம் என்று மாமாவிடம் கேட்டாயாம். நம் டிடிபி கடையில் எல்லா மெஷினுக்கும் மெமரி மாட்டியவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உனக்கு. சரி, போகட்டும்.

முதலில் ராம் மாட்டும் மதர்போர்டின் பெயரைப் பார். ஞாபகத்தை நம்பாதே, விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தால் பேஸ்போர்டு பிராடக்ட் என்ற வரியில் இருக்கும். உன் 12ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ரக ராமோடும் ஓடும். அதைச் சொல்லியே கடைக்காரர் எதையாவது தலையில் கட்டிவிடுவார். ஆனால் போர்டில் ஏதோ ஒன்றுக்குத்தான் இடம். பி660 போர்டு இரண்டு விதமாகவும் வந்தது. பெயரின் கடைசியில் டி4 என்றோ டிடிஆர்4 என்றோ இருக்கிறதா பார். இரண்டு ராமுக்கும் 288 பின், நீளமும் ஒன்றுதான். கீழே இருக்கும் வெட்டு மட்டும் துளி தள்ளியிருக்கும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதே. நீ அவசரக்காரன்.

ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி விலை விசாரித்து நீயே பூட்டிய மெஷின் அது. ஸ்விட்ச் போட்டதும் டிஸ்ப்ளே வந்ததே, கடைக்கு வருகிறவர்களிடம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் ஆபீஸ் லேப்டாப் வந்ததும் அதைத் தொடவே இல்லை. தீபாவளிக்கு வந்தபோதுகூட மடியில் லேப்டாப்தான். இப்போது திடீரென்று டெஸ்க்டாப் வேண்டியிருக்கிறது. ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த வேலை பார்க்கக் கூடாதாம், அக்காவிடம் சொன்னாயாம். புது விதியா தம்பி?

இருக்கிற 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி போட்டால் போதும். பழையதின் ஸ்டிக்கரைப் பார்த்து அதே வேகத்தில் வாங்கு. 3200 பக்கத்தில் 2666 மாட்டினால் இரண்டும் 2666இல்தான் ஓடும். நாலு ஸ்லாட் போர்டு என்றால் இரண்டு ராமையும் ஜோடியாக மாட்டும் இடம் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவதும் நாலாவதும்தான். மேனுவலில் படம் இருக்கும். மலிவு என்று சர்வரிலிருந்து கழற்றிய ராம் வாங்காதே. ரெஜிஸ்டர்டு ஈசிசி என்ற அந்த சர்வர் ரகம் உன் போர்டில் ஓடாது. மாட்டுவதற்கு முன் பவர் கேபிளைப் பிடுங்கிவிடு. போர்டு பெயரைப் பார்க்காமல் எதையும் வாங்காதே.

மூன்று ஞாயிறாக உன் போன் வரவில்லை. மீட்டிங் என்று மெசேஜ் மட்டும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங் வைக்கிறார்களா? உன் வயதுப் பையன்கள் நிறைய பேர் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். பயோடேட்டா பிரின்ட் எடுக்க நம் கடைக்குத்தான் வருகிறார்கள். எல்லாம் நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். யாரையும் நான் ஒரு கேள்வி கேட்பதில்லை. தப்பில்லாமல் அடித்து, நல்ல தாளில் எடுத்துக் கொடுக்கிறேன்.

நீ ராம் வாங்க வேண்டாம். போர்டையும் பழைய ராம் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பு. நானே ரிச்சி தெருவில் வாங்கி கூரியரில் போடுகிறேன். வாடகைக்கும் சேர்த்து உன் அக்கவுன்டில் பணம் போட்டிருக்கிறேன், திருப்பி அனுப்பாதே. ராத்திரி கடை மூடிய பிறகு நான் தனியாகத்தான் இருப்பேன், அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அம்மா