அக்டோபர் 17-ஐ எங்களுக்குத் தாருங்கள்

மலேசியாவின் நினைவு நாள்களைத் தீர்மானிக்கும் பெரியோர்களுக்கும், பள்ளி வரலாற்றுப் பாடத்தை வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

இடைநிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் சென்ற மாதம் ஒரு பயிற்சித் தாளோடு வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் உலகப் போரின் முக்கிய நாள்களை வரிசையாக எழுதச் சொல்லியிருந்தார்கள். 1941 டிசம்பர் 8, ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கிய நாள். 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்த நாள். 1945 ஆகஸ்டு 6, 9, 15. நடுவில் அவளாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்: 1943 அக்டோபர் 17, சயாம் மரண ரயில் பாதை இணைந்த நாள். அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ‘பாடத்தில் இல்லை’ என்ற குறிப்பு.

ஆசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை. பாடத்தில் உள்ளதை வைத்துத்தான் அவர் திருத்த முடியும். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

சயாமில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜப்பானிய ராணுவம் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட ரயில் பாதை அது. சயாம் என்ற இன்றைய தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். ஓராண்டும் சில மாதங்களும்தான் வேலை நடந்தது. இரு முனைகளிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கொன்கொய்தா அருகில் அக்டோபர் 17 அன்று ஒன்றுசேர்ந்தன. போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் அங்கேயே மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். மாண்டவர்கள் ஏறத்தாழ 90,000 என்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர்.

எங்கள் குடும்பம் சிலாங்கூரில் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் போன பிறகு ரப்பர் பால் வாங்க ஆளில்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சோறு. 1943-இல் ஒரு நாள் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டில் தோட்டத்துக் கணக்கரான கிராணி வந்து சொன்னாராம்: சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, அரிசி உண்டு. எங்கள் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையிலிருந்து, பன்னிரண்டு பேர் போனார்கள். அப்பா அப்போது கைக்குழந்தை. தாத்தா ஒரு போர்வையையும் ஒரு மங்குப் பாத்திரத்தையும் துணியில் கட்டிக்கொண்டு லாரி ஏறினார் என்று பாட்டி சொல்வாள். அந்த மங்குக்கு நீலக் கரை போட்டிருக்குமாம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த நீலக் கரையை விடமாட்டாள்.

போர் முடிந்து மூன்று பேர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் தாத்தாவை முகாமில் பார்த்திருக்கிறார். மழைக்காலம், வாந்திபேதி. தாத்தாவை நோயாளிகள் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். மறுநாள் விடியும் முன்பே, பார்த்த இந்த மனிதரை வேறு முகாமுக்கு நடத்திப் போய்விட்டார்கள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். செத்ததை யாரும் பார்க்கவில்லை.

உறவுக்காரர்கள் பாட்டியிடம் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். “பாத்தவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும், கழட்டுறேன்” என்றாள். யாரும் வரவில்லை. பொட்டும் தாலியுமாகவே 1987-இல் கண்ணை மூடினாள். நல்ல காரியங்களுக்கு அவளை முன்னால் நிற்கச் சொல்வதா, பின்னால் நிற்கச் சொல்வதா என்று உறவுக்குள்ளேயே கசமுசாவென்று பேச்சு எழும். அதனால் அவளே போகாமல் இருந்துவிடுவாள். கல்யாண வீட்டுக்குப் போகாமல் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு பெண் வாழ்ந்தாள். ஒரு தேதி இல்லாததால்.

அவள் போன பிறகுதான் அப்பா தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கத் தொடங்கினார். ஆடி அமாவாசைக்கு மோரிப் கடற்கரை. ஐயர் பெயர் கேட்பார், அப்பா சொல்வார். கோத்திரம் கேட்பார், தெரியாது என்பார். திதி கேட்பார். அப்பா தலையைக் குனிந்துகொள்வார். இப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் அந்தக் கேள்வி வரும்போது, வாத்தியாருக்குப் பதில் தெரியாத பிள்ளை மாதிரிதான் நிற்கிறார்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவரைத் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு அழைத்துப் போனேன். அங்கே போர்க்கைதிகளின் மயானத்தில் 6,982 பேர் இருக்கிறார்கள். புல் ஒரே அளவாக வெட்டியிருந்தது. ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது, சிலவற்றில் குடும்பத்தார் சொன்ன ஒரு வரி. அப்பா ஒரு தகட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். வயது 24, 1943 ஜூன். “இவங்கம்மாவுக்குத் தேதி தெரிஞ்சிருக்கு” என்றார். வேறெதுவும் பேசவில்லை.

அந்தப் பையன்களின் மேல் எங்களுக்கு வருத்தம் ஏதுமில்லை. அவர்களும் அதே சேற்றில் கிடந்து செத்தவர்கள். ஆனால் அவர்களுக்குப் பெயர் எழுதி வைக்க அதிகாரிகள் இருந்தார்கள், கூடவே அடைபட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். 1945-இல் போர் முடிந்த கையோடு ஒரு குழு பாதை நெடுகப் போய்த் தேடி, 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டறிந்தது. அந்தக் குழு தேடியது போர்க்கைதிகளை. ஆண்டுதோறும் தங்கள் போர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியலில், கைதிகள் குடைந்த ஹெல்ஃபயர் கணவாயில், ஆஸ்திரேலியர்கள் விளக்கோடு கூடுகிறார்கள். காஞ்சனபுரி மயானத்துக் கைதிகளுக்கு 6,982 என்று கடைசி ஆள் வரை கணக்கு இருக்கிறது. எங்களுக்கு ‘ஏறத்தாழ’ மட்டும்தான்.

அதே ஊரில் ஆற்றுப்பாலத்துக்கு அருகில் இன்னொரு நினைவுச்சின்னம் இருக்கிறது. பாதை வேலையில் இறந்தவர்களுக்காக 1944-இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பியது. அதில் தமிழிலும் ஒரு பலகை உண்டு. எங்கள் ஆள்களை அடித்து வேலை வாங்கியவர்கள் 1944-லேயே தமிழில் கல் வைத்துவிட்டார்கள். நம் நாடு சுதந்திரம் பெற்று இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒரு நாள் வைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, மன்னிக்க வேண்டும்.

வீரர்களுக்கு ஜூலை 31, வீரர் தினம், இருக்கிறது. அது வேண்டும். பேராக் மாநிலத்துப் பாப்பான் ஊரில் போராளிகளுக்கு மருந்து கட்டி, ஜப்பானியரிடம் சித்திரவதைப்பட்டு, 1948 ஜூன் 12-இல் இறந்த சிபில் கார்த்திகேசுவை நினைக்கிறோம். அதுவும் வேண்டும், எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் பெயர் தெரிந்தவர்களை நினைப்பது எளிது. ஒரு லயத்திலிருந்து போன பன்னிரண்டு பேரை எந்த நாளில் நினைப்பது?

1967-இல் ஜப்பான் 25 மில்லியன் வெள்ளி மதிப்பில் ஈடு கொடுத்தது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து, அத்தோடு கணக்குத் தீர்ந்தது. பாட்டி அப்போது உயிரோடுதான் இருந்தாள். யாருடைய சாவுக்கு ஈடு அது? சயாமுக்குப் புருஷனை அனுப்பியவளிடம் அவன் பெயர் என்ன என்றாவது யாரும் வந்து கேட்டார்களா? தோட்டம் தோட்டமாகப் போய் எழுதியிருந்தால், அன்றைக்கு எல்லாப் பெயரும் கிடைத்திருக்கும். சொல்லத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் லயங்களில்தான் இருந்தார்கள். இப்போது தோட்டங்களே போய் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன.

பணம் கேட்டு நான் இதை எழுதவில்லை. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

நான் கேட்பது ஒரு நாள். அக்டோபர் 17-ஐச் சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட மலாயாத் தொழிலாளர்களின் நினைவு நாளாக அறிவியுங்கள். விடுமுறை வேண்டாம். அன்று காலைப் பள்ளிச் சபைகூடலில் ஒரு நிமிடம் போதும். வரலாற்றுப் பாடத்தின் நாள் வரிசையில் ஒரு வரி போதும். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோருக்கும் பொதுவாகவே அது இருக்கட்டும்; அந்தக் காட்டில் எல்லோரும்தான் செத்தார்கள்.

2023-இல் காஞ்சனபுரிப் புத்தர் கோயில் ஒன்றின் வளாகத்தில் நம்மவர்கள் தமிழர்களுக்கு நடுகல் நட்டார்கள். மக்கள் தங்களால் ஆனதைச் செய்துவிட்டார்கள். நாளைக் குறிக்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

என் மகளின் பயிற்சித் தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அப்பா இருக்கும்போதே உங்கள் பதில் வந்தால் நன்றியுடையவளாக இருப்பேன். அடுத்த முறை மோரிப் கரையில் ஐயர் திதி கேட்கும்போது, “அக்டோபர் பதினேழு” என்று அவர் தலை நிமிர்ந்து சொல்லட்டும்.

பணிவுடன்,
சயாமுக்குப் போன ஒருவரின் பேத்தி
சிலாங்கூர்