கிளாரினெட் பேட்: எந்தத் துளைக்கு எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022-இல் கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் பத்மஸ்ரீ பெற்றபோது கிளாரினெட்டைப் பற்றிப் பலரும் எழுதினர். அதன் கீகளின் (விரலால் அழுத்தும் நெம்புகோல்களின்) அடியில் ஒட்டி, துளைகளை மூடும் மெத்தைகளான பேட்களைப் பற்றித்தான் தமிழில் எழுதுவார் இல்லை.

பெரும்பாலான கிளாரினெட்டுகளில் இருப்பது ஃபெல்ட் வட்டின்மேல் மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வைப் போர்த்திய பேட். விலை குறைவு, துளையின் விளிம்பில் மெத்தென்று அமரும். ஆனால் மூச்சின் ஈரம் மேல்பகுதித் துளைகளில் வழிந்து அச்சவ்வை ஊறவைக்கும். காய்ந்தபின் அது விறைத்து ஓரத்தில் கிழியும். ஒரு முகூர்த்தக் கச்சேரியில் என் வாத்தியத்தின் ட்ரில் கீயின் (இரு ஸ்வரங்களை மாறி மாறி விரைந்து வாசிக்க உதவும் கீ) பேட் அப்படிக் கிழிந்து, காற்று கசிந்து, மேல் ஸ்தாயி ஸ்வரங்களே பேச மறுத்தன. அன்றிரவே அங்கும், ஸ்தாயி மாற்றும் ரெஜிஸ்டர் கீயிலும் தக்கை பேட் வைத்தேன். தக்கை நீரை உறிஞ்சாது; எனினும் அது ஃபெல்ட்டைப் போல வளைந்து கொடுக்காததால், துளையின் விளிம்பில் சிறு பிசிறு இருந்தாலும் கசியும். கீழ்ப்பகுதியின் பெரிய கிண்ணங்களுக்கு (பேட்டைத் தாங்கும் கீயின் குழிந்த பகுதி) தோல் பேட் நெடுநாள் உழைக்கும்.

பொருளைவிடத் தடிமனில்தான் பலர் தவறுகிறார்கள். பேட் தடித்துவிட்டால் கீ திரும்பும் கீலை ஒட்டிய பக்கம் முதலில் விளிம்பைத் தொட்டு, எதிர்ப்பக்கம் திறந்தே நிற்கும். சிகரெட் தாளின் மெல்லிய கீற்றை நான்கு பக்கமும் வைத்து, கீயை மெதுவாக மூடி இழுத்துப் பார்த்தால், எங்கே பிடி தளர்கிறது என்பது விரலுக்கே தெரியும். அதன்பின் கிண்ணத்தை லேசாகச் சூடாக்கி, பேட்டை ஒட்டியிருக்கும் அரக்கு இளகும்போது பேட்டைத் திருத்தி அமர்த்தலாம்.

இப்படிக்கு,
கிளாரினெட் வாசிக்கும் ஒரு வாசகர், தஞ்சாவூர்