செடி வேண்டாம், சம்பளம் கொடு

அன்புள்ள காதர்,

நலம்தானே? இங்கே உச்சிப்புளியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சின்னவளுக்கு ராமநாதபுரத்தில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். மற்றபடி எல்லோரும் சுகம்.

உம்மா நினைவாக எங்கள் அறக்கட்டளைக்கு ஐந்நூறு செடி வாங்கித் தருவதாக எழுதியிருந்தாய். மனசு புரிகிறது. ஆனால் செடி வேண்டாம் மாப்ள. செடி தர ஆள் நிறைய இருக்கிறது. நட்டு, போட்டோ எடுத்து, பலகை அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பங்குனி வெயிலில் குடம் தூக்கத்தான் ஆள் இல்லை.

நம் கடலுக்காவது 1986-இல் தேசியப் பூங்கா என்று ஒரு காவல் வந்தது. தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை 21 தீவுகளையும் வனத்துறை பார்த்துக்கொள்கிறது. கரையிலிருக்கும் பட்டா நிலத்துக்கு அப்படி யாரும் இல்லை. நாம் பந்து விளையாடிய மணல்மேட்டில் பிளாட் போட்டுக் கல் நட்டாயிற்று. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. இந்த மண்ணிலேயே வளரும் உடை என்கிற முள்மரத்துக்கு யார் பேசுவது? அதனால்தான் ஊருணியை ஒட்டிய நிலத்தைக் கிரயம் வாங்கி அறக்கட்டளை பேரில் பதிந்தோம். ஒரு ஓரத்தில் பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் உட்கார சின்னப் பூங்கா. மீதியை அப்படியே விட்டிருக்கிறோம்.

அப்படியே விடுவது என்றால் சும்மா இருப்பதில்லை. சீமைக்கருவை முள்மரம் விடாது, மண்டிவிடும். கரிமூட்டம் போடுகிறவர்களைக் கூப்பிட்டால் காசு வாங்காமலே வெட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் தூரை விட்டுவிடுவார்கள், தழைத்தால்தானே அடுத்த வெட்டு! அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல மாட்டேன். அப்புறம் ஆடு வேறு. நெற்றைத் தின்றுவிட்டுப் புழுக்கை போட்ட இடமெல்லாம் கருவைக் கன்று. மண் இளகியிருக்கும் இந்த மழையில்தான் கையால் பிடுங்க முடியும், தை பிறந்தால் கடப்பாரை வேண்டும். வேலைக்கு வைத்திருக்கும் அக்கா விரல் நீளக் கன்றைக்கூட ஆணிவேர் அறாமல் உருவி எடுக்கிறார். பக்கத்திலேயே முளைத்திருக்கும் உடைக்கன்றைத் தொடுவதில்லை. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

அவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் மாதாமாதம் திணறுகிறோம். நிலம் வாங்கத் தாராளமாகக் கொடுத்தவர்கள்கூட, "கூலிக்கா?" என்று இழுக்கிறார்கள். பெயர் பொறிக்க முடியாத செலவு பார்!

அதனால் உன் பணத்தை வைப்புநிதிக்குக் கொடு. அசலைத் தொட மாட்டோம், வட்டி கூலிக்குப் போகும். நீ இந்தியப் பாஸ்போர்ட்காரன்தானே, உன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது என்று ஆடிட்டர் சொல்கிறார். ஊருக்கு வருகிற யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிடாதே, ரசீது போடுவதற்குள் என் உயிர் போய்விடும்.

உம்மா பேரில் பலகை வேண்டுமென்றால் தாராளமாக வைக்கலாம். வீட்டில் கலந்து பேசிவிட்டு எழுது. அடுத்த கூட்டத்துக்குள் பதில் வந்தால் அந்த அக்காவுக்கு வரும் ஆண்டுச் சம்பளத்தை உறுதி சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
முருகேசன்