தகட்டுப் பாத்தி வாங்கவிருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல். காய்கறி போடுவதற்கு உலோக மேட்டுப்பாத்தி, அதாவது தகட்டுச் சுவருக்குள் மண் நிரப்பும் பெட்டி, வாங்க எண்ணியிருப்பதாகவும், பல வகைகளைப் பார்த்துப் பார்த்துக் குழப்பமே மிஞ்சியதாகவும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுத்திலேயே தருகிறேன். படத்தில் எல்லாப் பாத்திகளும் அழகாகத்தான் தெரியும். முதலில் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: உன் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதும், நீ வளர்க்க நினைக்கும் செடியின் வேர் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதும். இவ்விரண்டும் முடிவாகிவிட்டால் தகடு, பூச்சு, விலை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் தாமாகவே சுருங்கிவிடும்.

பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது என்பதே மேட்டுப்பாத்தியின் அடிப்படை விதி. மிதிபடாத மண்ணில்தான் காற்றும் நீரும் தடையின்றி இறங்கும், மண்புழு தங்கும், வேர் எதிர்ப்பின்றிப் பரவும். ஆகவே, இரண்டு பக்கமும் நின்று வேலை செய்ய இடமிருந்தால் அகலம் 120 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சுவரை ஒட்டி வைப்பதானால் 60 அல்லது 75 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள். உன் கை சற்றுக் குட்டை என்பதால் 120 என்பதை 100 ஆகக் குறைத்தாலும் நல்லதுதான். இரண்டு பாத்திகளுக்கு நடுவே தள்ளுவண்டி போய்வர 60 சென்டிமீட்டராவது விடு. செடிகள் வளர்ந்து வெளியே சாயும்போது அந்த வழி இன்னும் குறுகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்.

ஆழத்தைப் பொறுத்தவரை, கீரைக்கும் முள்ளங்கிக்கும் 20 முதல் 30 சென்டிமீட்டர் நல்ல மண் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய், கேரட் ஆகியவற்றுக்கு 45 இருந்தால் நிம்மதி. அடிப்பக்கம் திறந்த பாத்தியைத் தரைமண்ணின் மேலேயே வைத்தால், 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டியிலும் தக்காளி வேர் கீழ் மண்ணுக்குள் இறங்கித் தன் தேவையைத் தேடிக்கொள்ளும்; அதற்காக அந்தத் தரையை ஒருமுறை கடப்பாரையால் நெம்பி இளக்கிவிட வேண்டும். 60 முதல் 75 சென்டிமீட்டர் வரை உயரமான பாத்திகள் செடிக்காக அல்ல, முதுகுக்காக. குனிய முடியாதவர்களுக்கு அவை பெரிய உதவி. உனக்கு இப்போது அவ்வளவு உயரம் தேவையில்லை என்பது என் கருத்து. 240 சென்டிமீட்டர் நீளம், 120 அகலம், 60 உயரம் உள்ள ஒரு பாத்தியை நிரப்ப 1,728 லிட்டர் பொருள் வேண்டும். பெட்டியின் விலையை மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. பிறகு கையிருப்புத் தீர்ந்து, கிடைத்த மண்ணையெல்லாம் கொட்டி நிரப்புகிறார்கள். உன் கையில் உள்ள பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்கும் மக்குக்கும் போகட்டும். பெட்டி வெறும் சுவர்தான்.

மொட்டை மாடியில் வைக்கும் எண்ணம் இருந்தால் இங்கேயே நில். நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ வரை எடை கொள்ளும். 30 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நிரப்பினால் ஒரு சதுர மீட்டரில் 450 கிலோ ஏறிவிடும். வீட்டு மாடித்தளங்கள் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ கூடுதல் சுமைக்கே கட்டப்படுகின்றன. கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்காமல் மாடியில் ஒரு பெட்டியையும் ஏற்றாதே.

இனி உலோகம். சந்தையில் மூன்று நான்கு வகைகள் உண்டு. துத்தநாகப் பூச்சுப் பூசிய எஃகுத் தகடு, அதாவது நாம் ஜி.ஐ. தகடு என்று சொல்வது, மிகப் பரவலானது. உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் இந்த முறைக்கு 1837-இல் பாரிஸில் சோரல் என்பவர் காப்புரிமை பெற்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1829-இல், இலண்டனில் பாமர் என்ற பொறியாளர் நெளித்தகட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நீ பார்க்கும் பாத்தியின் பக்கச்சுவர். நெளி என்பது வெறும் அழகுக்கானது அல்ல. அதே கனமுள்ள தட்டைத் தகட்டைவிட நெளித்தகடு பல மடங்கு விறைப்பாக நின்று மண்ணின் தள்ளுதலைத் தாங்கும்.

துத்தநாகத்தின் சிறப்பு என்னவென்றால், அது இரும்பை மூடுவதோடு நிற்காமல், கீறல் விழுந்த இடத்திலும் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஆகவே எத்தனை காலம் பாத்தி நிற்கும் என்பதைப் பூச்சின் கனமே தீர்மானிக்கிறது. விற்பவரிடம் 'இசட் 275' தரமா என்று கேள். ஒரு சதுர மீட்டர் தகட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் துத்தநாகம் என்பது அதன் பொருள். பக்கத்துக்கு ஏறக்குறைய 19 மைக்ரான் வரும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு இன்னொரு வகை. அதில் 55 விழுக்காடு அலுமினியம், மீதம் பெரும்பாலும் துத்தநாகம், சிறிதளவு சிலிக்கான். அலுமினியம் எடை குறைந்தது என்பதால் அந்த வகையில் 150 கிராம் என்று எழுதியிருந்தாலே, 275 கிராம் துத்தநாகப் பூச்சுக்கு நிகரான கனம் வந்துவிடும். ஆகவே 275 பெரியது, 150 சிறியது என்று கிராமை மட்டும் வைத்து ஒப்பிட்டு ஏமாறாதே. ஆனால் அலுமினியம் கலந்த பூச்சுக்குக் காரம் ஆகாது. ஈரம் காயாத சிமெண்டும் சுண்ணாம்பும் அதில் படக் கூடாது.

தகட்டின் கனத்தை மில்லிமீட்டரில் கேள். கேஜ் கணக்கில் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதால் பலர் தடுமாறுகிறார்கள். நெளித்தகடானால் 0.6 மில்லிமீட்டர் போதுமானது, 0.8 கிடைத்தால் நல்லது. தட்டைத் தகட்டில் 1 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை நான் வாங்கமாட்டேன். தானாகத் துருவேறி, அந்தத் துருவே காப்பாக அமையும் கார்ட்டன் எஃகு பார்வைக்கு மிக அழகு. ஆனால் நனைவதும் காய்வதும் மாறிமாறி நடந்தால்தான் அந்தக் காப்பு உறுதிப்படும். எப்போதும் ஈரமண்ணை ஒட்டியிருக்கும் உட்பக்கத்தில் அது மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும், கீழே உள்ள தரையிலும் கறை படியும். விலையும் அதிகம் என்பதால் உனக்கு அது வேண்டாம்.

துத்தநாகம் காய்க்குள் ஏறி, உண்ணும் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்யுமோ என்று நீ கேட்டிருந்தது நியாயமான கேள்வி. துத்தநாகம் செடிக்கும் மனிதருக்கும் சிறிதளவு தேவையான சத்துத்தான். மண்ணின் அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். அளவு நடுநிலைக்கு அருகில், அதாவது 6.5-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும்போது பூச்சு மிக மெதுவாகவே கரையும். அமிலம் ஏறும்போதுதான் வேகம் பிடிக்கும். அப்படியே அளவு மிஞ்சினாலும், உண்பவரைப் பாதிக்கும் நிலைக்கு முன்பே செடி வெளிறிக் குன்றிக் காட்டிக் கொடுத்துவிடும். புளிப்பான பண்டத்தை ஜி.ஐ. வாளியில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அமிலத்தில் நேராக ஊறும் உணவும், கனத்த மண்ணை ஒட்டிய தகடும் ஒன்றல்ல. ஆகவே புதுத் தகட்டைப் பற்றி எனக்கு அச்சமில்லை. நான் அஞ்சுவது பழைய பொருள்களைப் பற்றி. வேதிப்பொருள் இருந்த பீப்பாய், ஈயம் கலந்த பழைய வண்ணம் உரிந்து நிற்கும் தொட்டி, எங்கிருந்து வந்ததென்று தெரியாத பழைய தகடு ஆகியவற்றை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் காய்கறிக்கு வாங்காதே. பூக்களுக்குக்கூட யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் மயில்துத்தம் என்னும் தாமிர உப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூஞ்சை நோய்க்கு, அதைச் சுண்ணாம்போடு கலந்த போர்டோ கலவை தெளிக்கும் பழக்கம் இருந்தால், அது தகட்டின் மேல் வழியாதபடி பார்த்துக்கொள். தாமிரம் துத்தநாகத்தை அரித்துவிடும். தெளித்த நாளில் பக்கச்சுவரை நல்ல நீரால் கழுவிவிடலாம். இரசாயன உரத்தின் உப்பும் அப்படித்தான். விளிம்பை ஒட்டிக் குவிக்காதே.

பெட்டி வந்து சேர்ந்ததும் கட்டைப் பிரித்து, தகடுகளைத் தனித்தனியாக நிமிர்த்தி வை. ஒன்றன்மேல் ஒன்றாக ஈரத்தோடு கிடந்தால் வெள்ளையாக மாவு போலப் படலம் பூக்கும். அது துத்தநாகத்தின் வெள்ளைத் துரு. மெலிதாக இருந்தால் நாரால் தேய்த்துக் காற்றாட விட்டாலே போதும். செம்பழுப்பு நிறம் தெரிந்தால்தான் பூச்சு போய் இரும்பு வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். அங்கே துத்தநாகம் மிகுந்த பெயின்ட்டை அடிக்க வேண்டும். பாதுகாப்புக்காக ஒட்டியிருக்கும் நெகிழித்தாளைப் பூட்டுவதற்கு முன்பே உரித்துவிடு, வெயில் பட்டால் பிறகு வராது. வெட்டு விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும் என்பதால் கையுறை இல்லாமல் தொடாதே; மேல் விளிம்பில் ரப்பர் பட்டை பொருத்திய பிறகே பிள்ளைகளை அருகில் விடு. எல்லா போல்ட்டுகளையும் முதலில் தளர்வாக மாட்டிக்கொண்டு, நான்கு மூலையும் சரியாக நின்றபின் ஒவ்வொன்றாக முறுக்கு. முதல் மூலையை இறுக்கிவிட்டால் கடைசி மூலையில் துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வராது. தரையில் ரசமட்டம் வைத்துப் பார். சரிந்த பாத்தியில் நீரெல்லாம் ஒரு பக்கம் சேர, மறுபக்கம் காயும்.

நீளப் பக்கம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் நடுவே குறுக்குக் கம்பி கட்டாயம். அதை மண் நிரப்பும் முன்பே மாட்டியாக வேண்டும். ஈரமண் வயிறு தள்ளியபின் தகட்டை உள்ளே இழுக்க எவராலும் முடியாது. எலி, பெருச்சாளித் தொல்லை இருந்தால் அடியில் பூச்சுள்ள கம்பிவலையை விரி. களைக்கு, நாடா ஒட்டிய துண்டுகளைக் கிழித்துவிட்டு வெறும் அட்டைப்பெட்டித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி நனை. சில மாதங்களில் அதுவும் மக்கிவிடும்.

நிரப்புவதில்தான் விளைச்சல் இருக்கிறது. நீர் வடியட்டும் என்று அடியில் சரளைக்கல் போடச் சொல்வார்கள், அதைக் கேட்காதே. நுண்ணிய மண்ணிலிருந்து பருமனான கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது, எல்லையிலேயே தேங்கி நின்று வேரை அழுகச் செய்யும். உயரமான பாத்தியானால் கீழ்ப்பாதியில் மரக்கட்டை, சுள்ளி, காய்ந்த இலை ஆகியவற்றைப் போட்டு, இடைவெளிகளில் மண்ணைத் தட்டி இறக்கி, மேலே குறைந்தது 30 சென்டிமீட்டர் நல்ல கலவையை நிரப்பு. மரம் மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் மரத்தூளையும் சிராயையும் மேல்மண்ணோடு கலக்கக் கூடாது. மேல்கலவையில் பாதிக்குமேல் நல்ல தோட்டமண்ணும், மூன்றில் ஒரு பங்கு நன்கு மக்கிய உரமும், மீதிக்கு மண்ணை இளக்கும் தென்னைநார்க் கழிவும் இருந்தால் சிறப்பு. முழுக்க மக்குரத்தால் நிரப்பினால் சத்து மிகுந்து இலை கொழிக்கும், காய் குறையும், மட்டமும் விரைவில் தாழும். விலைக்கு வாங்கும் உரத்தில் களைக்கொல்லி எச்சம் இருக்கலாம்; தெளித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்திலும் சிலவகைக் களைக்கொல்லிகள் அழியாமல் தங்கிவிடுகின்றன. மூட்டைகளைக் கொட்டும் முன், ஒரு தொட்டியில் அந்த உரத்தில் பீன்ஸ் விதைகளை ஊன்றிப் பார். இலை சுருண்டு முறுக்கி வந்தால் அந்த உரம் காய்கறிக்கு ஆகாது.

உலோகம் சுடாதா என்று பலரும் கேட்பார்கள். தகடு சுடும், ஆனால் பாத்தியில் உள்ள பெருமளவு ஈரமண் அந்தச் சூட்டை எளிதில் ஏற்காது. பாதிக்கப்படுவது ஓரத்தில் உள்ள சில விரற்கடை மண் மட்டுமே. மண்ணின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளின் வேர் சோர்ந்துவிடும் என்பதால் வெளிர் நிறத்தையே எடு. கரும்பச்சையும் கறுப்பும் வேண்டாம். மாலை வெயில் தாக்கும் மேற்குச் சுவரில் மட்டும் உட்புறம் தடித்த அட்டையை நிறுத்தி, அந்த ஓரத்தில் வெள்ளரியையோ பூசணியையோ வெளியே தொங்கவிட்டால், கொடியே தகட்டுக்கு நிழலாகிவிடும். மேலே ஐந்து சென்டிமீட்டர் வைக்கோல் அல்லது காய்ந்த இலை மூடாக்கு எப்போதும் இருக்கட்டும்.

மேட்டுப்பாத்தி தரையைவிட விரைவாகக் காயும். மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாதே. ஓரத்திலும் நடுவிலும் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார், நுனியில் குளிர்ச்சி தெரியாவிட்டால் மட்டும் நீர் விடு. மூடாக்குக்கு அடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடினால் இலை நனையாது, நோயும் குறையும். முதல் ஆண்டில் மண் நன்றாகவே அமுங்கும், அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஒவ்வொரு பருவத்திற்கும் முன்பு மூன்று நான்கு சென்டிமீட்டர் மக்குரம் மேலே பரப்பினாலே போதும், கிளற வேண்டியதில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் அவற்றை ஒரே பாத்தியில் அடுத்தடுத்த பருவங்களில் நடாதே. இடையில் பீன்ஸோ கீரையோ வரட்டும்.

இப்போதைக்கு ஒன்று செய். பாத்தி வைக்க நினைக்கும் இடத்தில் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் காய்க்கும் செடிகள் ஏமாற்றும். அந்த இடத்தின் நீள அகலத்தையும், பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால் அதையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. எத்தனை பாத்தி, எந்த அளவு, எத்தனை லிட்டர் மண் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன். அதுவரை எதற்கும் முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா